பெயரை மாற்றுங்கள், பழைய வாசலை அடைக்காதீர்கள்

அண்மைக் காலமாக இந்திய மென்பொருள் அலுவலகங்களில் ஒரு பிழைச்செய்தி அடிக்கடி தலைகாட்டுகிறது. விண்டோஸ் மடிக்கணினியில் ஜாவா நிரல் ஒன்றை இயக்கும் பணியாளர், புதிதாக இறக்கிய போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு அதை இணைக்க முயல்கிறார். தரவுத்தளம் வாசலிலேயே மறுத்துவிடுகிறது. ‘ஏஷியா/கல்கத்தா’ என்னும் நேரவலயப் பெயர் செல்லாது என்பது அது சொல்லும் காரணம். அந்தப் பணியாளர் தம் நிரலில் எந்த இடத்திலும் கல்கத்தா என்று எழுதியவர் அல்லர். கொச்சியிலோ புணேயிலோ அமர்ந்திருக்கும் அவருக்கு அந்த நகரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலும் இருக்கலாம். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரவலயம். அதற்குக் கணினி உலகம் இட்ட அடையாளம் அந்த நகரத்தின் பெயர்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? விண்டோஸ் தன் நேரத்தை ‘இந்திய நிலையான நேரம்’ என்று மட்டுமே அறியும். ஜாவாவின் உள்ளே இருக்கும் ஓர் அட்டவணை அதை ‘ஏஷியா/கல்கத்தா’ என்று மொழிபெயர்க்கிறது. தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பான், இணையும்போதே அந்தப் பெயரைச் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இன் மீது அமைந்த சர்வராக அது இருந்தால், அங்கே நேரவலயப் பொதியில் கொல்கத்தா இருக்கிறது, கல்கத்தா இல்லை. பழைய பெயர்கள் அனைத்தும் பிரித்தெடுக்கப்பட்டு, ‘மரபு’ என்னும் அடைமொழியோடு வேறொரு பொதியில் வைக்கப்பட்டுள்ளன. கேட்டு நிறுவினால்தான் அது வரும். உபுண்டு 24.04-உம் இதே வழியைப் பின்பற்றியது.

இந்தப் பிழையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குரல் உரத்து ஒலிக்கிறது. நகரத்தின் பெயர் 2001-லேயே அதிகாரபூர்வமாக மாறிவிட்டது, இன்னும் கல்கத்தாவைக் கட்டி அழுபவர்கள்தாம் குற்றவாளிகள், பழைய பெயரைத் தூக்கி எறிந்தது சரியான செயல் என்கிறது அந்தக் குரல். காலனியப் பெயரைச் சுமந்து திரிவதற்கு ஒரு தண்டனை கிடைத்ததாகக்கூடச் சிலர் மகிழ்கிறார்கள். இந்த மகிழ்ச்சி பொருளற்றது. அதன் பின்னால் இருக்கும் கருத்து ஆபத்தானது. பெயர் மாற்றம் என்பது புதிய பலகையை மாட்டுவதோடு முடிந்துவிடும் வேலை என்று அது கருதுகிறது. பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவரைப் புதிய வாசலுக்கு அழைத்துச் செல்வதும் பெயர் மாற்றியவரின் கடமையே என்பதை அது ஏற்க மறுக்கிறது. தண்டிக்கப்பட்டவர் யார் என்று பார்த்தால், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்காத, அது தம் கணினியிலிருந்து புறப்பட்டுச் செல்வதையே அறியாத ஒரு பணியாளர்.

இதில் வேதனைக்குரிய செய்தி, இது டெபியனில் நடந்தது என்பதுதான். பெயர் மாற்றத்தை நாகரிகமாகச் செய்வது எப்படி என்று மென்பொருள் உலகத்துக்குக் கற்பித்த இடம் அது. வேறு எந்தத் துறையிலும், அரசாங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் இதழியலிலும், பழைய பெயரைப் பாவிப்பவருக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் ஒழுங்கு உருவாகியிருக்கிறதா என்பது ஐயமே.

அந்த ஒழுங்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ‘அ’ என்னும் பொதியின் பெயரை ‘ஆ’ என்று மாற்ற ஒரு பராமரிப்பாளர் விரும்புகிறார் என்று கொள்வோர், அவர் ‘ஆ’வை வெளியிட்டுவிட்டு ‘அ’வைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினால் போதும் என்றே முதலில் எண்ணுவர். அப்படிச் செய்தால் நேர்வது என்ன? ஏற்கெனவே ‘அ’வை நிறுவியிருக்கும் கணினிகளில் எந்த மாற்றமும் நிகழாது. மேம்படுத்தும் கட்டளை ‘அ’வுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று தேடும், இல்லை என்று கண்டு, எல்லாம் புதிதாகவே இருப்பதாக அறிவித்துவிட்டுப் போய்விடும். பயனர் நிம்மதியாக உறங்குவார். ‘ஆ’வில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படும்போது அந்தத் திருத்தம் அவருக்கு வந்து சேராது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கல்கத்தா விவகாரத்திலாவது தரவுத்தளம் வாய்திறந்து மறுத்தது. இங்கே அமைதி மட்டுமே நிலவும். சத்தமில்லாத இந்த முறிவு, சத்தமிடும் முறிவைவிடக் கொடியது.

ஆகவே ‘அ’ என்னும் பெயரில் ஒரு வெற்றுப் பொதி தொடர்ந்து வெளியிடப்படுகிறது. அதனுள் நிரல் எதுவும் இல்லை. ‘நான் இயங்க ஆ வேண்டும்’ என்னும் ஒரே ஒரு சார்புக் குறிப்பு மட்டும் உண்டு. பதிப்பு எண் பழையதைவிட உயர்ந்திருப்பதால் மேம்படுத்தும் கட்டளை அதை எடுத்துக்கொள்ளும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆ’ உள்ளே வரும். இதை இடைமாற்றுப் பொதி என்பர். ஆனால் அத்தோடு சிக்கல் தீர்வதில்லை. பழைய ‘அ’வும் புதிய ‘ஆ’வும் ஒரே கோப்புக்கு உரிமை கொண்டாடும்; ஒரு பொதியின் கோப்பை மற்றொரு பொதி மிதித்து அழிப்பதை நிறுவி அனுமதிக்காது. எனவே ‘ஆ’வின் குறிப்பேட்டில் இரண்டு அறிவிப்புகள் எழுதப்படுகின்றன. இன்ன பதிப்புக்கு முந்தைய ‘அ’வின் கோப்புகளுக்கு நானே வாரிசு என்பது ஒன்று. அந்தப் பழைய பதிப்போடு என்னால் ஒரே வீட்டில் குடியிருக்க இயலாது என்பது மற்றொன்று. இரண்டிலும் பதிப்பு எல்லை கட்டாயம். எல்லை எழுதாவிட்டால், வழிகாட்ட வந்த வெற்றுப் பொதியையே புதிய பொதி விரட்டிவிடும்.

பயனர் தம் கையால் திருத்திய அமைப்புக் கோப்புகள் பழைய பெயரில் இருக்குமே, அவற்றின் கதி என்ன? அவற்றைப் புதிய பெயருக்கு நகர்த்துவதற்கென்றே ஒரு துணைக்கருவி உண்டு. பயனர் செய்த திருத்தம் தொலைந்துபோகாமல் அது பார்த்துக்கொள்கிறது. இன்னொரு நுட்பம் மேலும் வியப்புக்குரியது. ஒரு பொதி பயனர் விரும்பிக் கேட்டு வந்ததா, வேறொன்றுக்குத் துணையாக வந்ததா என்று கணினி நினைவில் வைத்திருக்கும். துணையாக வந்தவை தேவை தீர்ந்ததும் தாமாக நீக்கப்படக்கூடியவை. இப்போது வெற்றுப் பொதியைப் பயனர் நீக்கினால், அதன் துணையாக வந்த ‘ஆ’வும் வேண்டாததாகக் கருதப்பட்டுவிடுமே? அதற்காகவே இத்தகைய வெற்றுப் பொதிகள் ‘பழைய நூலகங்கள்’ என்னும் பிரிவில் வைக்கப்படுகின்றன. அந்தப் பிரிவைச் சேர்ந்த பொதி ஒன்றைக் காணும்போது, ‘விரும்பிக் கேட்டது’ என்னும் முத்திரையை அதன் துணைப் பொதிக்குக் கணினி மாற்றி எழுதிவிடுகிறது. பயனர் பழைய பெயரைக் கேட்டார். அவர் உண்மையில் விரும்பியது பெயரை அன்று, பொருளை. அந்த விருப்பம் புதிய பெயருக்கு இடம்பெயர்கிறது. ஒரு மொழியியல் மாணவர் குறியீட்டுக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கற்கப் பல வாரம் ஆகிறது. இந்த நிரலாளர்கள் அதை ஒரு வரி அமைப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கு மிகக் கடினமான சோதனை ‘கிட்’ என்னும் பெயரில் வந்தது. இன்று கிட் என்றால் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். டெபியனிலோ அந்தப் பெயர் அப்போது வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தது: கோப்புகளைக் கையாளும் ‘குனு இண்டராக்டிவ் டூல்ஸ்’ என்னும் பழைய கருவித் தொகுப்பு. எனவே உலகப் புகழ் பெறவிருந்த மென்பொருள் ‘கிட்-கோர்’ என்னும் பெயரில் குடியேற நேர்ந்தது. புகழ் பெற்றவுடன் பழையவரை வெளியேற்றிவிட்டுப் புதியவரை அமர்த்துவது எளிது. பெரும்பான்மையோர் கைதட்டியும் இருப்பர். டெபியன் அப்படிச் செய்யவில்லை. 2009-இல் வந்த வெளியீட்டில் பழைய கருவித் தொகுப்பு ‘குனுயிட்’ என்று பெயர் மாறியது. கிட் என்னும் பெயரில் அதற்கு வழிகாட்டும் வெற்றுப் பொதி வைக்கப்பட்டது. அந்த வெளியீட்டின் காலம் முழுதும் புகழ்பெற்ற மென்பொருள் காத்திருந்தது. 2011-இல் வந்த அடுத்த வெளியீட்டில்தான் கிட் என்னும் பெயர் அதற்குக் கிடைத்தது. கிட்-கோர் வெற்றுப் பொதியாயிற்று.

ஓர் இடர் எஞ்சியிருந்தது. பழைய கருவித் தொகுப்பின் பதிப்பு எண் 4-இல் தொடங்கியது. புதிய கிட்டின் எண் அப்போது 1.7. ஒரே பெயரில் எண் குறைந்தால் அதை மேம்படுத்தல் என்று கணினி ஏற்காது. எனவே எண்ணுக்கு முன்னால் ‘1:’ என்று ஓர் ஊழி எண் சேர்க்கப்பட்டது. ஊழி உயர்ந்தால் அதன் பின்னுள்ள எண் எதுவாயினும் புதியதாகவே கொள்ளப்படும். டெபியனிலும் உபுண்டுவிலும் கிட்டின் பதிப்பைப் பார்ப்பவர் இன்றும் அந்த ‘1:’ஐக் காணலாம். பெரும்பாலோர் அதை அச்சுப்பிழை போலக் கடந்து செல்கின்றனர். பெயரை முன்பு வைத்திருந்த, இன்று எவரும் நினைவுகூராத ஒரு சிறு மென்பொருளின் பயனர்களுக்காக இட்ட தழும்பு அது. அவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கவில்லை.

துப்புரவுக் கட்சியினர் இவ்விடத்தில் மொழியையே சான்றுக்கு அழைப்பதுண்டு. சொற்கள் வழக்கொழிகின்றன, புதியவை வருகின்றன, இலக்கணமே அதை ஏற்கிறது என்று நன்னூலின் புகழ்பெற்ற நூற்பாவைக் காட்டுவர். நூற்பா சொல்வது காலத்தின் போக்கில் நிகழும் மாற்றம் பிழையன்று என்பதே. ஒரு சொல்லை நேற்றிரவு வரை வழக்கில் வைத்துவிட்டு இன்று காலை அதைச் சொன்னவரைச் செவிடர் போலப் பார்க்கலாம் என்று எந்த இலக்கணியும் சொல்லவில்லை. சொல் மாற்றத்தை ஆராயும் எவரும் அறிந்தது இது: பழையதும் புதியதும் தலைமுறைக் கணக்கில் ஒன்றாக வாழ்கின்றன. 1996-இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. இன்றும் ஒரு முதியவர் ‘மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட்’ என்றால் நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், பேருந்து வழிதவறுவதில்லை. பழைய பெயரைக் கேட்டதும் புதிய பொருளை எடுத்துத் தரும் வேலையைக் கேட்பவரின் மூளை கட்டணமின்றிச் செய்துவிடுகிறது. இயந்திரத்துக்கு அந்த மூளை இல்லை. கேட்டது கேட்டபடி இல்லையெனில் அதற்கு ஒன்றுமே இல்லை. மனிதச் சமூகத்தில் இயல்பாக நிகழும் இணக்கத்தை, இயந்திரத்தில் யாரேனும் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். குறி இடுகுறியானது என்று சொன்ன சசூரே, அதனாலேயே அதைத் தனியொருவர் விருப்பம்போல் மாற்ற இயலாது என்றும் சொன்னார். பாதியை மட்டும் படித்தவர்கள்தாம் பெயர் என்பது வெறும் ஒட்டுத்தாள் என்று பேசுகின்றனர்.

எதிர்த் திசையிலும் ஒரு கட்சி உண்டு. அதைக் கல்வெட்டுக் கட்சி எனலாம். ஒருமுறை பொறித்த பெயரைத் தொடவே கூடாது என்பது அதன் கொள்கை. இதற்கும் கல்கத்தாவே சான்று. நேரவலயங்களின் மூலத் தரவுத்தளம் கொல்கத்தாவை முதன்மைப் பெயராக ஏற்று, கல்கத்தாவை ‘பின்னோக்கு’ என்னும் கோப்பில் ஓர் இணைப்பாக வைத்தது. ஒற்றை வரி; செம்மையான தீர்வு. ஆனால் மொழி, வட்டாரத் தரவுகளைத் தொகுத்துத் தரும் சி.எல்.டி.ஆர். என்னும் யூனிகோடு அமைப்பின் திட்டம், நிலைத்தன்மையைக் காரணம் காட்டிக் கல்கத்தாவையே தன் முதன்மை அடையாளமாக வைத்துக்கொண்டது. அதன் தரவைப் பின்பற்றிய குரோம் உலாவி, உன் நேரவலயம் எது என்று ஒரு வலைப்பக்கம் கேட்டால், நெடுங்காலம் ‘ஏஷியா/கல்கத்தா’ என்றே விடையளித்து வந்தது. அதே கேள்விக்கு ஃபயர்பாக்ஸ் ‘கொல்கத்தா’ என்றது. பழைய வாசலைத் திறந்து வைக்கச் சொன்னால், அதையே தலைவாசலாக்கிவிட்டனர். பழைய பெயரை ஏற்பது வேறு. பழைய பெயரைத் தொடர்ந்து உற்பத்தி செய்வது வேறு. முதலாவது கடமை, இரண்டாவது சோம்பல். ஒரு பக்கம் கல்வெட்டுக் கட்சியின் சோம்பல் கல்கத்தாவை அனுப்புகிறது, மறு பக்கம் துப்புரவுக் கட்சியின் அவசரம் அதை வாங்க மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நசுங்குபவர் அந்தப் புணேப் பணியாளர்.

மொழிகளின் குறியீடுகளிலும் இதே கதை நடந்தேறியது. 1989-இல் எபிரேயம், இந்தோனேசியம், இத்திஷ் ஆகிய மூன்று மொழிகளின் ஈரெழுத்துக் குறியீடுகள் மாற்றப்பட்டன. எபிரேயம் ‘ஐ-டபிள்யூ’ என்பதிலிருந்து ‘எச்-இ’ ஆயிற்று. இந்தோனேசியம் ‘ஐ-என்’ என்பதிலிருந்து ‘ஐ-டி’ ஆயிற்று. அதற்குப் பின் பிறந்த ஜாவா மொழி பழைய குறியீடுகளையே பிடித்துக்கொண்டது. புதியதைக் கொடுத்தாலும் உள்ளே அதைப் பழையதாக மாற்றி வைத்துக்கொள்ளும். 2021-இல் வந்த 17-ஆம் பதிப்பில்தான் அது தலைகீழாயிற்று. இப்போது பழையதைக் கொடுத்தாலும் புதியதாக மாறுகிறது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோர் எபிரேய மொழிபெயர்ப்பை இன்னும் பழைய குறியீடு தாங்கிய அடைவில் வைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமல் தலையைச் சொறிவதுண்டு. முப்பது ஆண்டுகள் கடந்தும் பழைய குறியீடு சாகவில்லை. இணையத்தில் மொழிக்குறிகளுக்கான விதியை வகுத்தவர்கள் இதை உணர்ந்து ஒரு கொள்கையை எழுதினர்: ஒருமுறை பதிவான குறியீடு நீக்கப்படாது; அது வழக்கொழிந்தது என்று குறிக்கப்பட்டு, இன்று விரும்பத்தக்க குறியீடு இன்னது என்ற சுட்டு அதன் அருகிலேயே எழுதப்படும். பழைய அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் ‘காண்க: இன்ன சொல்’ என்றிருக்குமே, அதுதான் இது.

அடையாளத்தையும் அழைக்கும் பெயரையும் பிரித்துவிட்டால் சிக்கலே எழாது என்று வாதிடலாம். பல இடங்களில் அது உண்மை. ஒரிசா 2011-இல் ஒடிசாவானது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஒரியா ஒடியாவானது. மொழிக்கான ‘ஓ-ஆர்’ என்னும் குறியீடு அப்படியே நின்றது. யூனிகோடில் அந்த எழுத்துத் தொகுதியின் பெயர் இன்றும் ஒரியாதான். அங்கே எழுத்துகளுக்கு ஒருமுறை இட்ட பெயர் எக்காலத்தும் மாறாது என்பது விதி. தமிழ் ஆய்த எழுத்துக்கு யூனிகோடு இட்ட முறையான பெயர் விசர்க்கம் என்றிருக்கிறது. ஆய்தம் விசர்க்கம் அன்று என்பதைத் தொல்காப்பியம் பயிலும் முதலாண்டு மாணவரும் சொல்லுவார். ஆயினும் அந்தப் பெயரை மாற்றக் கோருவது வீண். ஆய்தம் என்பது பக்கக் குறிப்பாக அங்கே உள்ளது. விசைப்பலகையில் எழுத்தைத் தட்டும் எவரும் அந்த உட்பெயரைக் காண்பதே இல்லை. காணாத பெயர் பிழையாக இருந்தாலும் எவரையும் துன்புறுத்தாது.

பொதியின் பெயருக்கு இந்த வசதி இல்லை. அது மனிதர் கையால் தட்டும் சொல். பாடநூலிலும் வலைக்குறிப்பிலும் பணியாளரின் நினைவிலும் பதிந்திருக்கும் சொல். அதே வேளையில் இயந்திரங்கள் ஒன்றையொன்று தேடும் முகவரியும் அதுவே. இரண்டு வேலையையும் ஒரே சொல் செய்வதால்தான் அதன் மாற்றத்தில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. நிலையப் பெயர்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது, ரயில்வேயின் ‘எம்.ஏ.எஸ்.’ என்னும் குறியீடு அப்படியே விடப்பட்டது. முகல்சராய் 2018-இல் தீனதயாள் உபாத்யாயா நிலையமானபோது, ‘எம்.ஜி.எஸ்.’ என்னும் குறியீடும் சேர்ந்து ‘டி.டி.யு.’ ஆக்கப்பட்டது. பெயர் சூட்டுவதன் அரசியல் நியாயம் தனி விவாதம். குறியீட்டை மாற்றியதால் எந்தப் பயணிக்கு என்ன நன்மை விளைந்தது என்பதற்கு மட்டும் விடை கிடைப்பதில்லை.

துப்புரவுக் கட்சியின் வலுவான வாதம் செலவைப் பற்றியது. பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்; பழைய பெயர்களை எக்காலமும் சுமக்க அவர்களை வற்புறுத்துவது முறையா? முறையன்று. எக்காலமும் சுமக்குமாறு எவரும் கேட்கவும் இல்லை. டெபியனின் வழக்கமே, இடைமாற்றுப் பொதியை ஒரு நிலைத்த வெளியீட்டின் வாழ்நாளளவு வைத்திருந்து பின் நீக்குவது. ஒரு கணினி ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது புதிய பெயருக்கு மாறிவிட்டிருக்கும். அதன் பின் வெற்றுப் பொதிக்கு வேலையில்லை. இந்தக் கணக்கு ஒரு கணினிக்குள் வாழும் பெயருக்குப் பொருந்தும். நேரவலயப் பெயர் அப்படிப்பட்டதன்று. அது கணினி விட்டுக் கணினி தாவுகிறது. வேறு நிறுவனத்தின் இயங்குதளத்தில் பிறந்து, வேறொரு மொழியின் அட்டவணையில் மொழிபெயர்ந்து, மூன்றாமவரின் சர்வரில் வந்து நிற்கிறது. டெபியன் தன் வீட்டுக்குள் இருந்த அமைப்புகளை மேம்படுத்தலின்போது புதிய பெயருக்கு ஒழுங்காகவே மாற்றியது. வெளியிலிருந்து கதவைத் தட்டுபவரின் வாயில் என்ன பெயர் இருக்கும் என்பதைத்தான் அது கணக்கில் கொள்ளவில்லை. சேமித்த செலவு எவ்வளவு? இணைப்புக் கோப்பு ஒன்று சில பைட்டுகள். அதன் விலையாகப் பிழையின் வேரைத் தேடிச் செலவழியும் மாலைகளைக் கூட்டிப் பார்த்தால் இந்தச் சிக்கனத்தின் தன்மை விளங்கும்.

பழைய பெயரைக் கைவிடுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பைத்தான் உலகம் நன்கு அறியும். ‘சைகிட்-லேர்ன்’ என்னும் இயந்திரக் கற்றல் நூலகத்தை நிரலுக்குள் அழைக்கும் பெயர் ‘எஸ்கே-லேர்ன்’. எனவே நிறுவும்போதும் மக்கள் அந்தச் சுருக்கப் பெயரையே தட்டினர். அந்தப் பெயரை யாரேனும் கைப்பற்றித் தீநிரலை வைத்துவிட்டால் தட்டுபவர் அனைவரும் பலியாவர். நூலகத்தார் அந்தப் பெயரையும் தாமே வைத்துக்கொண்டு, உண்மைப் பொதிக்கு வழிகாட்டும் வெற்றுப் பொதியாக விட்டிருந்தனர். பின்னர் அந்த வழியை மூட எண்ணியபோது அவர்கள் கைக்கொண்ட முறை பாராட்டுக்குரியது. 2023-இல், முதலில் குறித்த சில நிமிடங்களில் மட்டும் அந்தப் பெயர் பிழை தந்தது. சற்று நேரம் கழித்து முயன்றால் வேலை நடந்துவிடும். பிழைச்செய்தியில் சரியான பெயரும், எதை மாற்ற வேண்டும் என்ற விளக்கமும் இருந்தன. பிழை தரும் நேரம் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து எப்போதுமே பிழைதான். அப்போதும் பெயரை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் காவலர் நிற்கிறார், புது முகவரியைச் சொல்லி அனுப்புகிறார். மூடுவதென்றால் இப்படி மூடலாம். பிழைச்செய்தியில் ‘செல்லாது’ என்பதோடு ‘கொல்கத்தா என்று முயன்று பாருங்கள்’ என்று மேலும் ஒரு தொடர் இருந்திருந்தால் கல்கத்தா விவகாரம் பாதி தீர்ந்திருக்கும்.

இழிவான பெயர்களை என்ன செய்வது என்று ஒரு நேர்மையான கேள்வி எழும். ஒரு சமூகத்தைப் புண்படுத்தும் சொல்லை மாற்றும்போது, பழையதையும் வாழவைக்க வேண்டுமா? கிட்ஹப் 2020-இல் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ என்பதற்குப் பதிலாக ‘மெயின்’ என்று பெயரிடத் தொடங்கியது. பழைய களஞ்சியங்களில் கிளையின் பெயரை மாற்றினால், முந்தைய இணைய இணைப்புகள் புதிய கிளைக்குத் திருப்பிவிடப்பட்டன. திருப்பிவிட்டதால் பெயர் மாற்றத்தின் நோக்கம் கெட்டுவிடவில்லை. பழைய சொல் எங்கும் காட்டப்படுவதில்லை. அதைச் சொல்லி வருபவர் மட்டும் வழி தெரியாமல் நிற்பதில்லை. ஆனால் மனிதரின் பெயருக்கு இந்த நியாயத்தை அப்படியே நீட்டக் கூடாது. பாலின மாற்றத்துக்குப் பின் புதுப் பெயர் ஏற்ற ஆய்வாளர் ஒருவருக்கு, பழைய பெயரைச் சுட்டிக்காட்டும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு காயமாகலாம். அங்கே எது தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. ஆர்கிட் போன்ற எண் அடையாளங்கள் அங்கே கைகொடுக்கின்றன: பெயர் மாறினாலும் கட்டுரைகள் அவரைவிட்டு அகல்வதில்லை. பொதிக்குத் தன்மானம் இல்லை. அதைத் தேடி வருபவருக்குத்தான் உண்டு.

இந்த விவகாரத்தில் செய்யத்தக்கவை அரியவை அல்ல. ஜாவாவின் அட்டவணையில் இந்தியாவுக்கு நேரே உள்ள பெயர் கொல்கத்தா என்று திருத்தப்பட வேண்டும். இது கல்வெட்டுக் கட்சி செய்ய வேண்டியது. போஸ்ட்கிரஸ் போன்ற, பிற கணினிகளின் சொல்லைக் கேட்டு இயங்கும் மென்பொருளின் ஆயத்தப் படிமங்களைத் தயாரிப்போர் மரபுப் பொதியையும் சேர்த்து நிறுவ வேண்டும். இது துப்புரவுக் கட்சி செய்ய வேண்டியது. படிமத்தை உருவாக்கும் கோப்பில் அதற்கு ஒரு வரி போதும். இவ்விரண்டும் நடைபெறாதவரை, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பணியாளரும் தம் நிரல் தொடங்கும் கட்டளையில் நேரவலயம் கொல்கத்தா என்று கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அந்த வரி அங்கே இருக்கிறது என்பதை அருகில் ஒரு குறிப்பாகவும் எழுதி வைப்பது, அடுத்து அந்த இருக்கைக்கு வருபவருக்கு உதவும்.